டி-டே மேப் இருக்கிற சவுத்விக் ஹவுஸ் – உள்ள போய் பார்க்க முடியுமா?

மடிப்பாக்கம்காரன்:
ஜூன்ல பொண்ணு வீட்டுக்கு இங்கிலாந்துல போர்ட்ஸ்மவுத் போறோம். பக்கத்துலயே சவுத்விக் ஹவுஸ்னு ஒரு பழைய மாளிகை, 1944ல நேச நாட்டுப் படைகளோட தளபதி ஐசன்ஹோவர், பிரான்ஸ் கரையில நார்மண்டி படையெடுப்பை (அதான் டி-டே) அங்கேருந்துதான் நடத்துனாராம், அந்த சுவர் மேப் இன்னும் அப்படியே இருக்காம். மாமனார் ஆர்மி சிக்னல்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர், அதை பார்க்கணும்னு ரொம்ப ஆசைப்படுறார். நேரா போனா விடுவாங்களா?

கோட்டை_ரசிகன்:
நேரா போனா விடமாட்டாங்க சார். அது இன்னிக்கும் ராணுவ இடம், மேப் இருக்கிறது ஆபீசர்ஸ் மெஸ்ல. முன்கூட்டியே எழுதி பர்மிஷன் வாங்கணும், மாமா சர்வீஸ்ல இருந்தவர்னு மறக்காம எழுதுங்க. அந்த மேப்பை செஞ்சது சாட் வேலின்னு ஒரு பொம்மை கம்பெனி, எல்லாம் ப்ளைவுட்! எங்க இறங்கப் போறாங்கன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு நார்வேலேருந்து ஸ்பெயின் வரைக்கும் மொத்த கடற்கரைக்கும் ஆர்டர் குடுத்து, வந்ததுல நார்மண்டி பக்கத்தை மட்டும் சுவர்ல மாட்டியிருக்காங்க. மாட்ட வந்த ஆளுங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சே, அதனால படை இறங்குற வரைக்கும் அவங்களை வீட்டுக்கே அனுப்பல.

மழைமானி:
எனக்கு அந்த வீடுன்னாலே வெதர்தான் சார். தேதி முதல்ல ஜூன் 5. நிலா வெளிச்சமும் வேணும், விடியும்போது கடல் உள்வாங்கியும் இருக்கணும், ரெண்டும் சேர்ந்து வர்றது மாசத்துல சில நாள்தான். ஸ்டாக்னு ஒரு வானிலை அதிகாரி, காத்து மோசமா இருக்கு வேண்டாம்னு சொல்லி ஒரு நாள் தள்ளி வைக்க வச்சாரு, அப்புறம் ஜூன் 4 ராத்திரி அதே வீட்ல உக்காந்து, 6ம் தேதி கொஞ்ச நேரம் காத்து அடங்கும்னு சொன்னாரு. சாட்டிலைட் கிடையாது, ரேடார்ல மழை பார்க்கிற வசதி கிடையாது, அயர்லாந்து மேற்குக் கரையில பிளாக்சாட்ங்கிற இடத்துலேருந்து வந்த பிரஷர் ரீடிங் மாதிரி நாலு எண்ணை வச்சுக்கிட்டு ஒன்றரை லட்சம் பேர் உயிருக்கு பதில் சொல்றதுன்னா நினைச்சுப் பாருங்க. விட்டிருந்தா அடுத்த வாய்ப்பு 19ம் தேதி வாக்குல, அன்னிக்கு அடிச்ச புயல்ல கரையில கட்டி வச்சிருந்த செயற்கைத் துறைமுகமே உடைஞ்சுது. மாமாகிட்ட இதை சொல்லி கூட்டிட்டு போங்க.

மடிப்பாக்கம்காரன்:
அருமை, ரெண்டு பேருக்கும் நன்றி. பர்மிஷன் கிடைக்கலன்னா?

கோட்டை_ரசிகன்:
போர்ட்ஸ்மவுத்லயே சவுத்சீ கடற்கரையில டி-டே மியூசியம் இருக்கு, டிக்கெட் எடுத்து போலாம். 83 மீட்டர் நீள எம்பிராய்டரி, 34 பேனல், மொத்த படையெடுப்பும் அதுல இருக்கு. டாங்கி ஏத்திட்டுப் போன எல்சிடி 7074 கப்பலும் அங்கேயே நிக்குது. அந்த ஊர்க்காரங்க எதையும் தூக்கிப் போடாம வச்சிருக்கிறதைப் பார்த்தா ஏக்கமா இருக்கு. 1914ல ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டதுக்கு நம்ம ஹைகோர்ட் மதில்ல ஒரு கல்வெட்டு இருக்கு, தினம் அந்த வழியா போறவங்ககிட்ட கேளுங்க, எத்தனை பேருக்குத் தெரியும்? அதைச் சுத்தியாவது கொஞ்சம் சுத்தம் பண்ணி, தமிழ்ல பெருசா ஒரு போர்டு வைக்கணும்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கேன்.

மழைமானி:
மனு எழுதுங்க, நானும் கையெழுத்து போடுறேன். சார், மாமாவுக்கு ஜூன்லயும் ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, அந்தக் கடல்காத்து நம்ம பெசன்ட் நகர் காத்து இல்ல.