கணினிக்குள் வேறு யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று உணர்ந்த நிமிடம்: உங்களுக்கு நடந்தது என்ன?

#1
கேமரா வழியாகப் படம் பிடித்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு என்று மிரட்டும் மெயில் எல்லோருக்கும் வருவதுதான். படிக்காமலே அழித்துவிடுவேன். அன்று முடியவில்லை. தலைப்பு வரியில் என் பாஸ்வேர்டு இருந்தது. யாரிடமும் சொல்லாத, மனைவிக்கே தெரியாத சொல். கட்டைவிரலால் கேமராவை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்புறம், நம் விவரம் எங்கேயாவது கசிந்திருக்கிறதா என்று காட்டும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் தேடினால், எப்போதோ சேர்ந்து மறந்துபோன ஒரு தளத்திலிருந்து கசிந்திருக்கிறது. மிரட்டல் வெறும் புளுகு. ஆனாலும் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டியே வைத்திருக்கிறேன்.

#2
பில் என்று நினைத்து ஒரு ஃபைலைத் திறந்தேன். பெயர் பிடிஎஃப் என்று முடிந்தது, அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த எக்ஸ்இ, அதாவது அது ஒரு நிரல் என்பதற்கான அடையாளம், கண்ணில் படவில்லை. கொஞ்ச நேரத்தில் படங்கள் இருந்த ஃபோல்டரில் ஃபைல்களின் பெயர் ஒவ்வொன்றாக மாறுகிறது, மேலிருந்து கீழே. மகள் முதன்முதலில் நடந்த வீடியோ இன்னும் நாலு வரி கீழே இருந்தது. வயரைப் பிடுங்கினேன். லேப்டாப், பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது. பவர் பட்டனை அழுத்தி அணைப்பதற்குள் அதுவும் போய்விட்டது. பேக்கப் இருந்தது. அந்த ஹார்டு டிஸ்க்கும் அப்போது செருகித்தான் இருந்தது.

#3
#1, ஸ்டிக்கரால் என்ன பயன்? அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் போட்டிருந்தீர்கள், அதைச் சொல்லவே இல்லையே! கசிந்த பட்டியலை மற்ற தளங்களில் போட்டுப் பார்க்க நிரல்களே இருக்கின்றன. என் மெயில் அப்படித்தான் போனது. முதலில் மெயிலைக் காப்பாற்றுங்கள். பாஸ்வேர்டு மறந்தால் எல்லாத் தளமும் மாற்றும் லிங்கை அங்கேதான் அனுப்புகிறது. பாஸ்வேர்டுக்குப் பிறகு ஒரு குறியீடும் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். எஸ்எம்எஸ்ஸைவிட, குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி நல்லது, உங்கள் எண்ணுக்கு வேறொருவர் சிம் வாங்கினாலும் அதன் குறியீடு அவருக்குப் போகாது. #2, பேக்கப் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். அப்டேட்டையும் தள்ளிப்போடாதீர்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை பரவியது 2017 மே 12, அது நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

#4
கடைசியாகச் சொன்னதை மட்டும் ஏற்க மாட்டேன். கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் மாற்றுங்கள், கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே எழுதிவிட்டது. கெடு வைத்தால் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவோம், அவ்வளவுதான்.

என் கதை: வைரஸ் இருக்கிறது என்று போன், தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நானே போட்டுக் கொடுத்தேன். போனில் பேசியவன், விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்து சிவப்பு வரிகளைக் காட்டினான். எந்தக் கணினியிலும் அவை இருக்கும், அன்று எனக்குத் தெரியாது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன், அம்பு மட்டும் நகர்கிறது. அம்மாவின் மருத்துவ அறிக்கைகள் இருந்த ஃபோல்டர் மேல் போய் நின்றது. ரவுட்டரை அணைத்தேன்.

#2
#3, அது இப்போது தெரியும். கழற்றிய டிஸ்க் ஒன்று அலமாரியில் இருக்கிறது. பூட்டிய ஃபைல்களையும் அழிக்கவில்லை. யூரோபோலும் டச்சு போலீஸும் மற்றவர்களோடு சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகைகளுக்குத் திறவுகோல் இலவசமாகத் தருகிறார்கள். என்னுடையதற்கு இன்னும் வரவில்லை. மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.