புதுப்பிப்பு: வவுனியாவிலிருந்து நக்கிள்ஸ் நீர்வீழ்ச்சிகளுக்கு இரண்டு நாள், போய்வந்தாச்சு

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வவுனியாவிலிருந்து சனி, ஞாயிறுக்குள் நக்கிள்ஸ் மலைத்தொடரில் எந்த நீர்வீழ்ச்சி சரிவரும் என்று கேட்டிருந்தேன். கண்டிவரை போகாமல் ஏ9 வீதியில் மாத்தளையிலேயே ரத்தோட்டைப் பக்கம் திரும்பச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. முதலில் பம்பரக்கிரி எல்ல நீர்வீழ்ச்சி. தொங்குபாலத்தில் நின்று பார்த்ததோடு சரி, அங்கே குளிப்பது ஆபத்து, நாங்கள் இறங்கவில்லை. மறுநாள் ரிவர்ஸ்டன் மலைப்பகுதியைத் தாண்டி ‘சேரா எல்ல’ நீர்வீழ்ச்சி. விழுகிற தண்ணீருக்குப் பின்னால் குகைக்குள்ளேயே நிற்கலாம், சின்னவன் வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டான். எதிர்பாராதது குளிர்தான்: வன்னி வெயிலை நம்பி ஸ்வெட்டர் எடுக்கவில்லை, ரிவர்ஸ்டனில் பனிமூட்டத்துக்குள் லைட்டைப் போட்டுக்கொண்டு வான் ஊர்ந்தது. அட்டை கடிக்காமலிருக்கக் காலுறையில் சவர்க்காரம் தேய்க்கச் சொன்னதும் வேலை செய்தது, அதெல்லாம் தேவையில்லை என்ற மச்சானுக்கு மட்டும் மூன்று கடி.