20 ஆம்பியர் அளக்க ஷன்ட்: 1 மில்லி ஓமா, 2 மில்லி ஓமா?

வணக்கம். ரங்கூனில் இன்வெர்ட்டர், சோலார் வேலை பார்க்கும் அண்ணன்மார், தம்பிமார் கொஞ்சம் பாருங்கள்.

12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் இழுக்கும் கரண்டை (சராசரி 20 ஆம்பியர்) ஷன்ட் வைத்து அளக்கப் பார்க்கிறேன்; ஷன்ட் என்பது கரண்ட் போகும் வழியில் வைக்கும் மிகச் சிறிய ரெசிஸ்டர், அதில் விழும் வோல்டேஜை வைத்துக் கரண்டைக் கணக்கிடலாம். ஐஎன்ஏ219 (அந்த வோல்டேஜை அளக்கும் சிப்) போர்டில் வரும் 0.1 ஓம் ரெசிஸ்டர் 3.2 ஆம்பியரோடு சரி, அதைக் கழற்றிவிட்டேன். 2 மில்லி ஓம் போட்டால் 40 மில்லிவோல்ட், 0.8 வாட். கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் 50 ஹெர்ட்ஸ் இன்வெர்ட்டர் கரண்டை 100 ஹெர்ட்ஸில் விட்டுவிட்டு இழுக்கிறது; உச்சம் சராசரியைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. அப்போது 80 மில்லிவோல்ட். சிப்பின் 80 மில்லிவோல்ட் ரேஞ்சின் விளிம்பிலேயே நிற்கும், உச்சி வெட்டுப்பட்டால் சராசரி குறைவாகத்தான் காட்டும். சூடும் ஒன்றரை மடங்கு, 1.2 வாட். 160 மில்லிவோல்ட் ரேஞ்சுக்கு மாற்றி, 3 வாட் ஷன்ட் போடலாம்.

1 மில்லி ஓம் என்றால் சூடு பாதி. ஆனால் சிப்பின் ஆஃப்செட் (கரண்ட் இல்லாதபோதும் காட்டும் பொய் வோல்டேஜ்) 100 மைக்ரோவோல்ட் வரை போகலாம், அதுவே 0.1 ஆம்பியர் பிழை. இன்வெர்ட்டர் சும்மா நிற்கும்போது இழுக்கும் 0.3 ஆம்பியரை எப்படி நம்புவது? கரண்ட் இல்லாதபோது பூஜ்யம் பிடித்துக் கழித்தால் போதுமா, வெயில் ஏற ஏற அது நகருமா?

சென்ஸ் வயர் (சிப்புக்குப் போகும் அளக்கும் வயர்) இரண்டையும் ஷன்ட்டின் உள்விளிம்பிலிருந்தே எடுக்கிறேன், பெரிய போல்ட்டிலிருந்து அல்ல. அளக்கும் வழியில் செம்பு கலந்தால், அந்தச் செம்பின் தடை 10 டிகிரிக்கு 4 சதவீதம் ஏறிவிடும்.

75 மில்லிவோல்ட், 50 ஆம்பியர் பித்தளை ஷன்ட் (1.5 மில்லி ஓம்) போட்டவர்கள், மழைக்காலத்தில் போல்ட்டில் பச்சை பிடிக்காமல் என்ன செய்கிறீர்கள்? இங்கே கிடைப்பதில் எதை வாங்கலாம்?