போராட்டச் செய்திக்கு வந்த கண்டனம்: மாணவர் இதழ் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

வினா

வணக்கம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை படிக்கிறேன். அங்கே மாணவர்களே நடத்தும் செய்தித்தாளில் ஓராண்டாக உதவி ஆசிரியராக இருக்கிறேன். சென்ற மாதம் நிர்வாகக் கட்டடத்தின் வாயிலை மறித்து மாணவர்கள் நடத்திய போராட்டத்தைப் பற்றி நாங்கள் வெளியிட்ட செய்திக்குக் கடுமையான கண்டனம் எழுந்திருக்கிறது. நிர்வாகத்தின் விளக்கத்துக்கு நான்கு பத்திகளும் போராடியவர்களின் பேச்சுக்கு இரண்டே பத்திகளும் கொடுத்துவிட்டோம் என்பது முதல் குறை. இரண்டாவது குறை படத்தைப் பற்றியது. வாயிற்படியில் கையில் அட்டையுடன் அமர்ந்திருக்கும் ஒரு மாணவியின் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது; அவர் மாணவர் விசாவில் வந்தவர், படத்தை நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டார். நாங்கள் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்கும்வரை எங்கள் நிருபர்களிடம் பேசப்போவதில்லை என்று போராட்டக் குழுவினர் அறிவித்திருக்கிறார்கள். எங்கள் ஆசிரியர் குழுவில் பாதிப் பேர் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்கிறார்கள். மீதிப் பேர் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்கிறார்கள். கண்டிப்பவர்களோடுதான் நாளைக் காலை ஒரே வகுப்பில் உட்கார வேண்டும் என்பது எனக்குப் பெரிய சங்கடமாக இருக்கிறது. மற்ற மாணவர் இதழ்கள் இத்தகைய நிலையை எப்படிக் கையாண்டன?

மறுமொழி 1: மாணவர் இதழில் முன்பு பணியாற்றியவர்

உங்கள் நிலைக்கு மிக நெருக்கமானது, இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டனில் 1881 முதல் வெளிவரும் 'தி டெய்லி நார்த்வெஸ்டர்ன்' இதழுக்கு நேர்ந்தது. 2019 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் முன்னாள் தலைமைச் சட்ட அதிகாரி ஜெஃப் செஷன்ஸ் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பேச வந்தார். அதை எதிர்த்து மாணவர்கள் திரண்டார்கள். சிலர் அரங்கத்துக்குள் நுழைய முயன்றபோது பல்கலைக்கழகக் காவலர்களுடன் தள்ளுமுள்ளு ஏற்பட்டது. இதழின் செய்தியாளர்கள் படம் எடுத்து ட்விட்டரில் வெளியிட்டார்கள். மாணவர் விவரப் பட்டியலில் இருந்த எண்களைப் பார்த்து, பேட்டி தர விருப்பமா என்று குறுஞ்செய்தியில் கேட்டார்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு அஞ்சிய மாணவர்கள் இரண்டையும் எதிர்த்தார்கள். ஆசிரியர் குழு சில படங்களை நீக்கிவிட்டு, நவம்பர் 10 அன்று தலையங்கத்திலேயே மன்னிப்புக் கேட்டது.

அதன் பிறகுதான் உண்மையான புயல் வந்தது. பொது இடத்தில் நடந்ததைப் படம் எடுத்ததற்கும், ஒருவரைத் தொடர்புகொண்டு கருத்துக் கேட்டதற்கும் ஒரு செய்தித்தாள் மன்னிப்புக் கேட்பதா என்று நாடெங்கும் பத்திரிகையாளர்கள் அந்த இளைஞர்கள்மீது பாய்ந்தார்கள். அப்போது அப்பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளித் தலைவர் சார்லஸ் விட்டேக்கர் வெளியிட்ட அறிக்கையை நீங்கள் தேடிப் படிக்க வேண்டும். செய்தி சேகரித்தது சரியே என்றும், நல்லெண்ணத்தில் கேட்ட அந்த மன்னிப்பு இதழியலின் பணியைப் பற்றித் தவறான எண்ணத்தைப் பரப்பிவிடும் என்றும் சொன்ன அவர், அதே அறிக்கையில் செய்தியாளர்களை வசைபாடிய மாணவர்களையும், வெளியிலிருந்து அவர்களைக் குதறிய மூத்தவர்களையும் ஒருசேரக் கண்டித்தார்.

என் கருத்து இது. அந்தத் தலையங்கத்தின் குறை இரக்கத்தில் இல்லை. செய்த வேலையையும் செய்த பிழையையும் அது ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. கீழே தள்ளப்பட்டுக் கிடக்கும் ஒருவரின் முகத்தை வெளியிடத்தான் வேண்டுமா என்று மறுபடி யோசிப்பது ஆசிரியரின் கடமை. பேட்டிக்கு விருப்பமா என்று கேட்டதற்காக வருந்துவதோ, நாளைக்கு எவரையும் எதையும் கேட்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுப்பதாகும்.

மறுமொழி 2: நாளிதழ் நிருபர், மதுரை

நான் இங்கே மாவட்டச் செய்திகள் எழுதுகிறவன். எந்தச் செய்தியை அனுப்பினாலும் அலுவலகத்திலிருந்து முதலில் வரும் கேள்வி, "எதிர்த் தரப்பிடம் கேட்டீர்களா?" என்பதுதான். அந்த வழக்கத்துக்காகவே ஹார்வர்ட் மாணவர்களின் 'தி ஹார்வர்ட் கிரிம்சன்' அதே 2019-இல் கண்டனத்துக்கு உள்ளானது. குடியேற்ற, சுங்க அமலாக்கத் துறையை ஒழிக்க வேண்டும் என்று செப்டம்பர் 12 அன்று மாணவர்கள் பேரணி நடத்தினார்கள். பேரணி முடிந்த பின் நிருபர்கள் அத்துறையிடம் கருத்துக் கேட்டார்கள். உடனடியாகப் பதில் வரவில்லை என்று செய்தியில் எழுதினார்கள். முறையான ஆவணங்கள் இல்லாத மாணவர்களுக்கு இது ஆபத்தை வரவழைக்கும் செயல் என்று கையெழுத்து இயக்கம் தொடங்கியது. நூற்றுக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள், சில அமைப்புகள் இதழுடன் பேசுவதையே நிறுத்தின. நவம்பரில் மாணவர் பேரவையும் கண்டித்தவர்களுக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

இதழ் வளைந்து கொடுக்கவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடவும் இல்லை. அக்டோபர் 22 அன்று அதன் தலைவரும் நிர்வாக ஆசிரியரும் தங்கள் பெயரிலேயே வாசகர்களுக்கு விளக்கம் எழுதினார்கள். செய்தியில் விமரிசிக்கப்படும் எவருக்கும் பதில் சொல்ல வாய்ப்பளிப்பது தங்கள் விதி என்றார்கள். போராட்டக்காரர்களின் பெயரையோ குடியுரிமை நிலையையோ அத்துறைக்குத் தாங்கள் தெரிவிக்கவில்லை என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். தங்கை, உங்கள் வாசகர்களில் பெரும்பாலோருக்கு ஒரு செய்தி எப்படித் தயாராகிறது என்பதே தெரியாது. அதைப் பொறுமையாக எடுத்துச் சொல்வது மன்னிப்பும் ஆகாது, திமிரும் ஆகாது. பத்திகளை எண்ணிப் பார்ப்பதைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். நான்குக்கு இரண்டு என்பதே பாரபட்சம் ஆகிவிடாது. ஆனால் போராடியவர்களில் எத்தனை பேரிடம் உங்கள் நிருபர் பேசினார் என்று கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் பேசியிருந்தால் அவர்கள் சொல்லும் குறையில் நியாயம் இருக்கிறது.

மறுமொழி 3: மாணவர் இதழ்களுக்கு வழிகாட்டியாக இருப்பவர்

படத்தைப் பொறுத்தவரை 2019-ஐ மட்டும் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் 'தி டஃப்ட்ஸ் டெய்லி' இதழில் 2024 மார்ச்சில் நான்கு மாணவர்கள் சேர்ந்து ஒரு கருத்துக் கட்டுரை எழுதினார்கள். அவர்களில் ஒருவரான துருக்கிய ஆய்வு மாணவி ருமைசா ஓஸ்துர்க், 2025 மார்ச் 25 அன்று சாமர்வில் நகரத் தெருவில் முகமூடி அணிந்த குடியேற்றத் துறை அதிகாரிகளால் பிடிக்கப்பட்டு, லூசியானா தடுப்பு மையத்தில் ஆறு வாரங்களுக்கு மேல் வைக்கப்பட்டு, மே 9 அன்று நீதிமன்ற ஆணையால் வெளியே வந்தார். 1974 முதல் மாணவர் இதழ்களுக்குச் சட்ட உதவி செய்துவரும் மாணவர் பத்திரிகைச் சட்ட மையமும் வேறு சில அமைப்புகளும் 2025 ஏப்ரலில், வெளியான செய்தியிலிருந்து பெயரையோ படத்தையோ நீக்கக் கோரும் வேண்டுகோள்களைப் பற்றிய விதிகளை மறுபரிசீலனை செய்யும்படி இதழ்களைக் கேட்டுக்கொண்டன. எதையும் நீக்கக் கூடாது என்று பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்த துறையில் இது சிறிய மாற்றம் அன்று. ஆகவே அந்த மாணவியின் அச்சத்தை மிகை என்று ஒதுக்காதீர்கள். அச்சிட்ட தாளை மாற்ற முடியாது, இணையப் பதிப்பில் வேறு படம் வைக்க முடியும்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்தப் படத்தின் கீழ் என்ன எழுதினீர்கள்? படம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது? மன்னிப்பா இல்லையா என்ற வாக்குவாதத்தில், சரிபார்க்கக்கூடிய சிறு பிழை எவர் கண்ணிலும் படாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வினா எழுப்பியவர்

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு புகைப்படக்காரரின் மடிக்கணினியில் மூலக் கோப்பைத் திறந்து பார்த்தோம். படம் காலை 10.42-க்கு எடுக்கப்பட்டது; வாயிலை மறித்தது நண்பகலுக்குப் பிறகு. நாங்களோ படத்தின் கீழ், "நிர்வாகக் கட்டடத்தின் வாயிலை மறித்த மாணவர்கள்" என்று எழுதியிருந்தோம். பதினொரு மணி வகுப்புக்குப் போய்விட்டதாக அந்த மாணவி முதல் கடிதத்திலேயே குறிப்பிட்டிருக்கிறார். படத்தை நீக்குவதா வேண்டாமா என்பதிலேயே மூழ்கியிருந்த நாங்கள் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை. ஒழுங்கு விதியை மீறாத ஒருவரை மீறியவராகக் காட்டிவிட்டோம். அவரிடம் நான் நேரில் வருத்தம் தெரிவித்தேன். திருத்தக் குறிப்பு இன்று காலை முதல் பக்கத்திலேயே வெளியானது. இணையப் பதிப்பில் முகங்கள் தெரியாத வேறு படத்தை வைத்து, மாற்றியதற்கான காரணத்தையும் அதன் அடியில் எழுதியிருக்கிறோம். நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டதற்கு மன்னிப்பு இல்லை. ஏன் கேட்டோம் என்பதை ஆசிரியர் தன் பெயரில் தனியே எழுதுகிறார். எங்கள் நிருபர் போராட்டக்காரர்களில் இருவரிடம் மட்டுமே பேசியிருக்கிறார் என்பதும் தெரியவந்தது. வியாழக்கிழமை மாலை அவர்களைச் சந்திக்க அனுமதி கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.