கேட்ட வசனத்தில் எது இன்னும் நெருடுகிறது? – அனுபவப் பகிர்வு

விதைநெல்
மாற்கு 6:20. ஏரோது ராஜா. கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் அந்த ஒரு வசனம் விடமாட்டேன் என்கிறது. யோவான் ஸ்நானகன் சொன்னதை விருப்பத்தோடு கேட்டுவந்தான், அவன் யோசனைப்படி அநேக காரியங்களைச் செய்யவும் செய்தான். நம்மில் பாதிப் பேரைவிட நன்றாகக் கேட்டவன். சகோதரன் மனைவியை வைத்திருந்த விஷயத்தில் மட்டும் யாரையும் கைவைக்க விடவில்லை. கடைசியில் பிறந்தநாள் விருந்தில் யோவானின் தலை தட்டில் வந்தது.

பிரசங்கத்தில் ஆமென் சொல்லும் இடத்தைவிட, சட்டென்று தாண்டிப்போக நினைக்கும் இடம்தான் முக்கியம். அடையாளம் எளிது: "இது அவருக்கு நல்லாப் பொருந்தும்" என்று வேறொருவர் முகம் மனதில் வரும். அங்கேயே அந்த வாக்கியத்தை "நான்" என்று மாற்றி ஒரே வரியாக எழுதிவிட வேண்டும். ஆராதனை முடியட்டும் என்று காத்திருந்தால் மனம் அதை மழுப்பிவிடும்.

பெரோயாக்காரன்
ஒரே வரியா? சிக்கலே அதில்தான், பிரதர். மனதைத் தொட்ட வரியை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனால், வசனம் நமக்கு வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்துவிடும். எரேமியா 29:11, "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே", இல்லாத வாழ்த்து அட்டை உண்டா? அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறிய பின்பு என்று இருக்கிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது அங்கே இருந்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. அவர்களுக்குச் சொன்ன வேலை 5 முதல் 7 வரை உள்ள வசனங்களில் இருக்கிறது: வீடு கட்டு, தோட்டம் போடு, சிறைப்பட்டுப்போன பட்டணத்துக்காக ஜெபம் பண்ணு. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13 கதியும் அதேதான். முந்தின இரண்டு வசனமும் பட்டினியிலும் மனரம்மியமாய் இருப்பதைப் பற்றியவை. நாமோ பரீட்சையில் ஜெயிக்க எடுத்துக்கொள்கிறோம்.

வசன எண், போதகரின் மையக்கருத்து, நமக்கு எழுந்த ஒரு கேள்வி. இவ்வளவு எழுதினால் போதும். முழுப் பிரசங்கத்தையும் எழுத உட்கார்ந்தால் கை ஓடும், காது நின்றுவிடும். வீட்டில் அந்தப் பகுதிக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து வசனம் வாசித்து, யார் யாருக்கு எந்த நிலையில் சொன்னது என்று பாருங்கள். பெரோயா பட்டணத்தில் பவுலின் போதனையையே இப்படித்தான் சோதித்தார்கள், அதுவும் தினந்தோறும் (அப்போஸ்தலர் 17:11). ஒன்று கவனியுங்கள்: அவர்கள் ஆவலோடு ஏற்றுக்கொண்டுதான் ஆராய்ந்தார்கள். சந்தேகத்தோடு போய் உட்கார்ந்தால் போதகரின் குறை மட்டும்தான் காதில் விழும்.

மூன்றாம் மாடி
ஐத்திகு. பவுல் பேசும்போது தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தவன் (அப்போஸ்தலர் 20). ஜன்னலில் உட்கார்ந்த வாலிபன், நடுராத்திரி மட்டும் நீண்ட பிரசங்கம், மேல்வீட்டில் அநேக விளக்குகள். லூக்கா அந்த விளக்குகளை ஏன் எழுதினார் என்பது எனக்குப் புரிகிறது, காற்றில்லாத இடத்தில் பரிசுத்தவானும் தூங்குவான். தூக்கம் வருவதை உடனே பாவக்கணக்கில் எழுதாதீர்கள். சுமார் 400-ஆம் ஆண்டில் புதியவர்களுக்குப் போதிப்பது பற்றி எழுதிய ஆயர் அகுஸ்தினாரே, கேட்பவர் கொட்டாவி விட்டால் சிரிக்கும்படி எதையாவது சொல்லுங்கள், நின்று களைத்தவரை உட்காரச் செய்யுங்கள் என்கிறார். முந்தின இரவுத் தூக்கம், உட்காரும் இடம், பையில் கிடக்கும் போன். பார்த்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

ஞாயிறு வாசகம்
கத்தோலிக்கர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சி: மத்தேயு, மாற்கு, லூக்கா. எனவே வரும் வாரம் என்ன வாசகம் என்று இன்றே தெரியும். முதலில் நற்செய்தி, அப்புறம் முதல் வாசகம், அதற்குப் பதிலாகப் பாடும் பதிலுரைப்பாடல் என்ற வரிசையில் வாசியுங்கள். பொதுக்காலத்தில் (திருவருகை, தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத வாரங்களில்) முதல் வாசகம் நற்செய்திக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்தது. இரண்டாம் வாசகம் அப்படியல்ல, ஒரு திருமுகத்தை (அப்போஸ்தலர் கடிதத்தை) வாராவாரம் தொடர்ந்து வாசித்துக்கொண்டு போவது. மூன்றையும் எப்படியாவது முடிச்சுப்போடப் பார்த்துவிட்டு "மறையுரை (பிரசங்கம்) புரியவில்லை" என்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

முட்செடி
எல்லாரும் கேட்கும் நேரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னை உறுத்துவது முடிந்த பிறகு வரும் ஐந்து நிமிடம். லூக்கா 8-இல், விதைக்கிறவன் உவமையில், வழியருகே விழுந்த விதையைப் பறவை பொறுக்கிவிடுகிறது, முட்செடிக்குத்தான் நாள் பிடிக்கும். வாசலில் "இன்னைக்கு அருமையான மெசேஜ் பாஸ்டர்", வெளியே வந்ததும் குரல், உதாரணம், நீளம் பற்றி விமர்சனம். எசேக்கியேல் 33:32 சொல்வது இதைத்தான்: நீ அவர்களுக்கு இனிய குரலுள்ள பாடகனைப் போல இருக்கிறாய், கேட்கிறார்கள், செய்கிறதில்லை.

கேட்டதைச் செயலாக்கத் தெரியாதவர்கள் லூக்கா 3:10-14 பாருங்கள். கூட்டத்தார், ஆயக்காரர் (வரி வசூலிப்பவர்கள்), போர்ச்சேவகர் என்று மூன்று கூட்டமும் யோவான் ஸ்நானகனிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" பதில் ஆளுக்கு ஆள் வேறு. இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்று. கட்டளையிட்டதற்கு மேல் வசூலிக்காதே. இடுக்கண் செய்யாதே, சம்பளம் போதும் என்றிரு. யாரையும் வேலையை விடச் சொல்லவில்லை, அந்த வேலைக்குள்ளேயே எங்கே தப்பு நடக்கும் என்று தெரிந்து அங்கே கைவைத்தான். ஆகவே "இன்னும் அன்பாக இருப்பேன்" என்று எழுதாதீர்கள். யாரிடம், எதை, எப்போது என்று எழுதுங்கள். "எப்போது" விட்டுப்போனால், பவுலைக் காவலில் வைத்திருந்த ரோம தேசாதிபதி பேலிக்ஸ்தான் (அப்போஸ்தலர் 24): நீதி, இச்சையடக்கம், நியாயத்தீர்ப்பு எல்லாம் கேட்டு நடுங்கினான், "சமயம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன்" என்று பவுலை அனுப்பிவிட்டான். இரண்டு வருஷம் அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான், பணம் கிடைக்கும் என்று.

இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு குறை. காலையில் எழுந்ததும் தீர்மானம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் மணிக்கு மணி பின்னோக்கிப் பார்த்து, அந்தக் குறையில் விழுந்த ஒவ்வொரு முறைக்கும் குறிப்பேட்டில் போட்ட கோட்டில் ஒரு புள்ளி. இரவில் இரண்டாவது கோடு. மதியத்தை இரவோடும், நேற்றை இன்றோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். இடையில் விழுந்தால் நெஞ்சில் கைவைத்து வருந்த வேண்டும். கூட்டத்திலும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. இது கெட்டுப்போவது பெரும்பாலும் குறையைப் பெரிதாக எடுப்பதால்தான். "பெருமை" என்றால் புள்ளி வைக்க முடியாது, "அடுத்தவர் பேசும்போது குறுக்கிடுவது" என்றால் முடியும்.

பெரோயாக்காரன்
யாரும் கேட்காத வகுப்பு எடுத்துவிட்டீர்கள். அதோடு, கலாத்தியர் 5-இல் மாம்சத்தின் கிரியைகள் பலவாக வருகின்றன, ஆவியின் கனி என்று வருவது ஒன்றுதான். புள்ளிகளைக் கூட்டிக் கழித்தால் கனி வராது. மாற்கு 4:27-இல் விதைத்தவனுக்கே தெரியாமல் அது முளைக்கிறது.

முட்செடி
முளைக்கச் செய்வது தேவனுடைய வேலை, ஒத்துக்கொள்கிறேன். 2 பேதுரு 1:5 "அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்" என்று தொடங்கி விசுவாசத்தோடு ஏழு குணங்களைக் கூட்டச் சொல்கிறதே, அதை யாருக்கு எழுதினார்?

விதைநெல்
இரண்டு பேரும் ஏரோதை விட்டுவிட்டீர்கள். அவனிடம் குறிப்பேடு கொடுத்திருந்தால் பக்கம் பக்கமாகப் புள்ளியே இல்லாத கோடுகள் இருந்திருக்கும். எந்தக் குறைக்குக் கோடு போடுவது என்பதை அவனே தேர்ந்தெடுத்தால் என்ன செய்வது? முட்செடி சிஸ்டர், நீங்கள் சொன்ன முறையில் அந்தத் தேர்வை நம்மை நன்றாகத் தெரிந்த வேறொருவரிடம் கொடுக்கலாமா? ஆன்ம குருவோ, நம் தவறைச் சொல்லப் பயப்படாத ஒருவரோ. கேட்டுவிட்டு வாதாடக் கூடாது, அதுதான் கஷ்டம்.