பக்கத்து கிளினிக் தரமானதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

மலர்க்கொடி:
சர்க்கரையும் பிரஷரும் உள்ள பெரியவர் ஒருவரை மாதாமாதம் கூட்டிப்போக ஒரு கிளினிக் பார்க்கிறோம். கூட்டம் நிறைய, இணையத்தில் நட்சத்திரமும் நிறைய. அதை வைத்து வைத்தியத்தின் தரம் தெரியுமா? மருத்துவம் படிக்காதவர்கள் எதைக் கவனிக்கலாம்?

தையல்நாயகி (செவிலியர்):
நட்சத்திரம் சொல்வது காத்திருந்த நேரத்தையும் பேச்சின் இனிமையையும்தாங்க. நீங்க பிரஷர் பார்க்கும் விதத்தைக் கவனியுங்க. 5 நிமிடம் உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். பட்டை வெறும் கையில். சட்டைக்கு மேலே சுற்றக்கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். கை தொங்கினாலும், அளக்கும்போது பேசினாலும் அப்படித்தான். அந்தப் பொய் அளவை நம்பி மாத்திரையைக் கூட்டினால் பெரியவர் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவார். 1-2 நிமிட இடைவெளியில் இரண்டாம் முறை அளப்பதும், முதல் வருகையில் இரண்டு கையிலும் பார்ப்பதும் நல்ல அடையாளம்.

ஊசி என்றால், உறையைக் கண்முன்னே பிரிக்கிறார்களா? பலருக்குப் போடும் மருந்துக் குப்பியில் திறந்த தேதி எழுதியிருக்க வேண்டும். தயாரிப்பாளர் வேறு கெடு சொல்லாவிட்டால் 28 நாளில் தூக்கிப் போட வேண்டியது. தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள். அதில் சாப்பாட்டு டப்பா தெரிந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம்!

மருந்துக்கடைக்காரன்:
சிஸ்டர் சொன்னதோடு சீட்டையும் பாருங்க. மருந்தின் பெயர், மில்லிகிராம், வேளை, எத்தனை நாள் என்பதெல்லாம் படிக்கிற மாதிரி இருக்கணும். எழுதுமுன் அலர்ஜி உண்டா, வேறென்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்கணும். கேட்காவிட்டால் ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் சேர்ந்துவிடும்; டோஸ் இரட்டிப்பாகும்.

சாதாரண சளிக்கு வைரஸ்தான் காரணம், ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. வருகிற எல்லோருக்கும் அது போகிறதென்றால் யோசியுங்க. உங்கள் பெரியவருக்கு இன்னொன்றும் முக்கியம்: பிரஷர் மாத்திரையோடு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் பிரஷர் ஏறும், சிறுநீரகம் கெடலாம். மூட்டுவலி என்றதும் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் அதை மாதக்கணக்கில் எழுதுகிறவரிடம் போக வேண்டாம். பெயரும் காலாவதித் தேதியும் இல்லாமல் காகிதக் கவரில் உதிரி மாத்திரை கொடுத்தாலும் அப்படியே.

டாக்டர் குடும்பநலம்:
அவெடிஸ் டொனபேடியன் என்ற மருத்துவத் தர ஆய்வாளர் 1966-இல் மருத்துவத் தரத்தை வசதி, செய்முறை, விளைவு என மூன்றாகப் பிரித்தார். ஜனங்கள் ஏசியையும், காய்ச்சல் எத்தனை சீக்கிரம் விட்டது என்பதையும் பார்க்கிறார்கள். வைரஸ் காய்ச்சல் தானாகவே விடும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் அன்றே தெம்பு வரும், சர்க்கரையும் எகிறும். ஆகவே செய்முறையைப் பாருங்கள்.

சர்க்கரைக்கு அது சுலபம். எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கட்டுக்குள் இல்லாவிட்டால் 3 மாதத்துக்கொருமுறை, நிலையாக இருந்தால் 6 மாதம். ஆண்டுக்கு ஒருமுறையாவது கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், கண்ணின் விழித்திரை, 10 கிராம் நைலான் இழையால் பாத உணர்ச்சி. ஒரு வருடம் போய்வந்தும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை என்றால் கிளினிக்கை மாற்றலாம். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனால் புண் வலிக்காமலே ஆழமாகும், அதனால்தான் பாதத்தைப் பார்ப்பது.

மலர்க்கொடி:
நன்றி டாக்டர். 5 நிமிடத்தில் அனுப்பிவிடுவதைக் குறையாக எடுத்துக்கொள்ளலாமா?

டாக்டர் குடும்பநலம்:
பழைய குறிப்பு கையில் இருந்தால், வழக்கமான வருகைக்கு 5 நிமிடம் போதும். புதுப் பிரச்சினைக்குப் போதாது. எந்தெந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வரணும் என்று சொல்லி அனுப்புகிறாரா, அதைக் கவனியுங்கள்.

தையல்நாயகி (செவிலியர்):
வரவேற்பில் ஒன்று கேட்டுப் பாருங்க: "ரிசல்ட் வந்தால் யார் சொல்வீங்க, எப்போ?" "போன் வரலைன்னா நார்மல்னு வெச்சுக்குங்க" என்று பதில் வந்தால் அங்கே தொலைந்துபோன ரிப்போர்ட்டும் நார்மல் கணக்கில்தான் சேரும். நார்மலோ இல்லையோ, நகலைக் கையில் வாங்கி தேதிவாரியாக ஃபைலில் போடுங்க.