நஞ்சுக்கொடி ஒட்டிக்கொண்டதாம், எங்கே பார்ப்பது?

செம்பூர்க்காரி: தங்கைக்கு 31 வாரம். முந்தைய இரண்டும் சிசேரியன். நஞ்சுக்கொடி பழைய தழும்புக்குள் ஊடுருவியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. ரத்த வகை ஓ நெகட்டிவ் வேறு. பக்கத்து நர்சிங் ஹோமில் "பார்த்துக்கலாம்" என்கிறார்கள். எனக்குத் தூக்கமே போச்சு.

சயான் அக்கா: 14 வருடம் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் நான். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேளம்மா: நடுராத்திரியில் பத்து யூனிட் ரத்தம் கிடைக்குமா? பதிலை இழுத்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடு. வலி வருமுன், 34 முதல் 36 வாரத்துக்குள் நாள் குறிப்பார்கள். குழந்தையை எடுத்தபின் நஞ்சுக்கொடியைப் பிய்த்தால் ரத்தம் குழாய்போலக் கொட்டும். அதனால் பெரும்பாலும் கொடியோடு கருப்பையையே எடுத்துவிடுவார்கள். அதைத் தங்கையிடம் முன்பே சொல்லிவிடு. ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் நரம்பில் ஏறும். ரத்தம் ஊறிய துணியைத் தராசில் வைத்து, காய்ந்த துணியின் எடையைக் கழித்து, கிராமுக்கு ஒரு மில்லி என்று எழுதுவது என் வேலை. கண்ணால் பார்த்துச் சொன்னால் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வோம்.

முலுண்ட் மாமா: ஓ நெகட்டிவ் ஆட்களை இப்போதே தேடுங்கள். என் மனைவிக்கு நாலு பேர் கிடைக்கவே ஒரு வாரம் ஆச்சு. ஹீமோகுளோபின் எவ்வளவு?

செம்பூர்க்காரி: 9.2 மாமா. கேட்டேன் அக்கா, இழுத்தார்கள். வெள்ளிக்கிழமை மாற்றுகிறோம்.

சயான் அக்கா: 9.2 போதாது. இரும்பு ஊசி பற்றி அங்கே முதல் நாளே கேள்.